காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி கோப்பை வாங்கியது, அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. எல்லாருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வீட்டுக்கு வரும்.

அப்புறம், ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் இடம் மாற்றித் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். போர்டு சரியாகத் தெரியவில்லை என்றால் உடனே முன் பெஞ்சு தருவோம். ஆனால் சொன்ன காரணம் வேறு: பக்கத்தில் உட்காரும் பிள்ளை கட்டணச் சலுகையில் படிக்கிறதாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சலுகை பெறுகிறவர்களின் பட்டியலையே கேட்டிருக்கிறார்.

பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் காலை ஜெபத்தில் போன வாரம்தான் பைபிளில் யாக்கோபு நிருபம் (யாக்கோபு எழுதிய கடிதம்) 2-ஆம் அதிகாரம் வாசித்தோம். பொன் மோதிரம் போட்டவர் உள்ளே வந்தால் ‘ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்’, கந்தை உடுத்தியவர் வந்தால் ‘நீ அங்கே நில்லு’. இந்தப் பாரபட்சத்தைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார். அவர் பேசுவதும் உட்காரும் இடத்தைப் பற்றித்தான்!

பட்டியல் கேட்டவர் அதே பைபிளில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே எடுத்து வந்து கொடுப்பான். ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால் பொழுது சாயும்போது திருப்பித் தந்துவிட வேண்டும். பணம் கொடுத்தவனுக்கே அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க உரிமை இல்லை. நமக்கு எங்கிருந்து வந்தது?

இதனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தனிச் செல்லம் என்று நினைக்க வேண்டாம். எளியவன் என்றும் முகம் பார்க்காதே, பெரியவன் என்றும் முகம் பார்க்காதே என்பது பைபிளின் லேவியராகமம் 19:15. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் எல்லாருக்கும் ஒரே திட்டுதான்.

எனவே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பட்டியல் யாருக்கும் தரப்படாது. இந்தக் காரணத்துக்காக எந்தப் பிள்ளையின் இடமும் மாறாது. ஒரு மாணவரின் குடும்ப நிலைமையைக் குழுவில் எழுதுகிறவர் என் அறைக்கு வந்து விளக்கம் தர வேண்டியிருக்கும்.

பெரும்பாலானோர் இப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஜூன் மாதம் ஓர் அம்மா நான்கு ஜோடி ஷூவை அலுவலகத்தில் வைத்துவிட்டு, “யார் குடுத்ததுன்னு மட்டும் சொல்லாதீங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும், சத்தமில்லாமல் சக மாணவர்களின் வேன் கட்டணத்தைக் கட்டிவரும் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

விடுமுறையில் பிள்ளைகள் கிணறு, குளம் பக்கம் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்