நொஸில் வாங்குவதற்கு முன்

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய இஞ்செக்டர் விலைகளைப் பார்த்தேன், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற அந்தச் சாமான்தான். போனில் கதைத்தால் அம்மா இடையில் புகுந்து சாப்பாட்டுக் கதைக்கு மாற்றிவிடுவா, அதனால்தான் எழுதுகிறேன். ஆறு இஞ்செக்டருக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறாய் என்று அவவுக்கு இன்னும் தெரியாது.

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டேர்போவைப் பெரிதாகப் பூட்டியாயிற்று, இனி இஞ்செக்டர் நுனியில் 150 குதிரைவலு கூட்டும் பெரிய துளை நொஸில் போடலாம் என்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. உன் 2006 ராம் பிக்கப்பின் 5.9 லீற்றர் கமின்ஸ் எஞ்சின் கம்பனியிலிருந்து வரும்போதே 325 குதிரைவலு. நீ பந்தயம் ஓடுகிறவனும் இல்லை. ட்ரெயிலரில் பொப்கட்டை, அந்தச் சின்ன மண் அள்ளும் மெஷினை, ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் வேலைக்குப் போகிறவன்.

உன்னுடையதைப் போன்ற டீசல் எஞ்சினில், பெற்றோல் எஞ்சினில் போல, காற்றை மறிக்கிற கதவு கிடையாது. உள்ளே போகும் டீசலின் அளவுதான் வலுவைத் தீர்மானிக்கும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்றுப் போதும். ஆனால் காற்று 18, 20 கிலோவுக்குக் கீழே இறங்கும்போதே புகை கட்டத் தொடங்கிவிடும். அதற்குமேல் ஊற்றுகிற டீசலில் பெரும்பகுதி கரும்புகையும் சூடும்தான். நீ இருக்கும் கல்கரியே கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. நீ ஏறும் கணவாய் 1,600ஐயும் தாண்டும். அங்கே காற்று மெல்லிசு, டேர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். தாழ்ந்த நிலத்தில் ஓடுகிறவன் சொன்ன நொஸில் உனக்குப் பொருந்தாது.

அதற்காகப் பெரிய துளையே கூடாது என்று சொல்லவில்லை. இப்போது நீ வண்டியின் கம்ப்யூட்டரில் மாற்றிப் போட்டிருக்கும் டியூனிங், டீசல் பாயும் நேரத்தை நீட்டித்தான் வலுவை எடுக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போதும் டீசல் வந்துகொண்டிருந்தால் அது பிந்தி எரிந்து, சூடாகவே வெளியேறும். துளை கொஞ்சம் பெரிதானால் அதே டீசல் குறைந்த நேரத்தில் உள்ளே போய்விடும். காற்றும் போதுமானால் சூடு குறையவும் செய்யும். ஆனால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு நீ நொஸில் மாற்றியது தெரியாது. டியூனிங்கைத் திருத்தி எழுதாவிட்டால் ஐட்லில் உதறும், குளிர்காலக் காலையில் வெள்ளைப்புகை கக்கும்.

இங்கேயும் இந்த ஆசை உண்டு. கந்தளாய்ப் பக்கம் கல், மண் ஏற்றுகிறவர்கள் வந்து "பம்பிலே டீசலைக் கூட்டிவிடுங்கோ" என்பார்கள். 2022இல் சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு நாங்கள் டீசல் இல்லாமல் வரிசையில் காய்ந்தோமே, அப்போது கூட்டச் சொன்னவர்களே குறைக்கச் சொல்லி வந்தார்கள்.

சரி, நீ செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் டேர்போவுக்கு முன்னால், எஞ்சின் புகை வெளிவரும் மேனிஃபோல்டிலேயே ஒரு வெப்பமானி பூட்டு. ட்ரெயிலரோடு நீண்ட ஏற்றம் ஏறிப் பார். 700 செல்சியஸைத் தாண்டி அங்கேயே நின்றால், நொஸிலை விட்டுவிட்டு, டேர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் டியூனிங்கையும் கவனி. பிஸ்டன் அலுமினியம், அது உருகுவது 660இல். அடியிலிருந்து ஒயில் பீச்சிக் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது.

பிறகு ரெயில் அழுத்தம், அதாவது ஆறு இஞ்செக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயின் அழுத்தம். முழு லோடில் அது 1,600 பார் அளவில் நிற்க வேண்டும். இப்போதிருக்கும் நொஸிலுக்கே இறங்குகிறது என்றால் பம்ப் களைத்துவிட்டது, அல்லது இஞ்செக்டர் ரிட்டர்னில் கசிகிறது. அதன்மேல் பெரிய நொஸில் போட்டால் அழுத்தம் இன்னும் விழும், டீசல் பூவாய்ச் சிதறாமல் துளித்துளியாய் விழும்.

இரண்டும் சரியென்றால் 50 அல்லது 60 குதிரைவலு கூட்டும் நொஸில் போதும். அதற்குமேல் போனால் அடுத்து ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் தாங்காமல் காசு கேட்கும். 2003, 2004 முற்பகுதி மொடல் நொஸில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதே. அதன் பிஸ்டன் கிண்ணமும் பீச்சும் கோணமும் வேறு. கோணம் தவறினால் டீசல் சிலிண்டர் சுவரில் பட்டு ஒயிலைக் கழுவிவிடும். ஆறுக்கும் தனித்தனியே சோதித்துப் பார்த்த டெஸ்ட் சீட் தராதவனிடம் வாங்காதே. பூட்டும்போது செப்பு வாசர் ஆறும் புதிதாக இருக்கட்டும். பக்கத்திலிருந்து வரும் கனெக்டர் குழாயையும் மாற்று, அங்கே கசிந்தால் காலையில் ஸ்டார்ட் எடுக்காது.

வெப்பமானி பூட்டியதும் ஏற்றத்தில் என்ன காட்டுகிறது என்று படமெடுத்து அனுப்பு. ஓட்டிக்கொண்டு நீ எடுக்காதே, மருமகளிடம் போனைக் கொடு.

அன்புடன்,
அப்பா