பள்ளிப் பலகையில் ஒட்டகம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் கீழக்கரைப் பக்கம் ஒரு இஸ்லாமியப் பள்ளிக்கூடம் புதுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறது. தங்க நிறக் குவிமாடம், பேரீச்சை மரம், மணல் மேட்டில் ஒட்டகம். பெயர் ஆங்கிலத்திலும் அரபியிலும் பெரிதாக இருக்கிறது. தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை. என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் அப்பா?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

பிள்ளைகள் தீனோடு, அதாவது மார்க்கத்தோடு, வளர வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான், அரபி எழுத்து பலகையில் இருப்பது அழகு, அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்றே ஒன்றை வளர்த்தவர்கள் நம் முன்னோர்கள். இதே ஊர் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் போய்ப் பாருங்கள், திராவிடப் பாணியில் செதுக்கிய கல்தூண்கள் வரிசையாக நிற்கும். அந்தத் தூணில் உள்ள பூ வேலைப்பாட்டையே சின்னமாக வைத்திருக்கலாமே? மரம்தான் வேண்டும் என்றால் சரி, ராமநாதபுரம் மாவட்டத்தில் பனைக்கா பஞ்சம்?

வெளிநாட்டுத் தோற்றம் இருந்தால்தான் பெற்றோர் சேர்ப்பார்கள் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார். அப்படிக் கேட்கிற பெற்றோர் இருக்கலாம், நான் அப்படிக் கேட்கவில்லை. அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பலகையின் மேல்வரியில் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், அப்புறம் அந்த ஒட்டகத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா, கீழக்கரை