மறதிக்கு நடை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

லேசான அறிவாற்றல் குறைபாடு (வயதுக்கு மீறிய மறதி, ஆனால் டிமென்ஷியா எனும் முழு மறதிநோய் அல்ல) உள்ள முதியோருக்கு ‘தினமும் நடங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. ஆய்வாளர்களின் கவனம் எடைப் பயிற்சி பக்கமும் திரும்பியிருக்கிறது. சிட்னியில் இக்குறைபாடு உள்ள, 55 வயதைக் கடந்த 100 பேரிடம் நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வில், வாரம் 2 அல்லது 3 நாள் வீதம் 6 மாதம், ஒருவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் சுமார் 80 சதவீதத்தைக் கொண்டு செய்த பயிற்சி அறிவாற்றலை மேம்படுத்தியது. உடல் வலுவேற ஏற எடையையும் கூட்டினார்கள். வீடுகளில் தவறுவது இங்கேதான்: அரைக் கிலோ டம்பெல்லோடு மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். தூக்கும்போது மூச்சை அடக்குவதும் ஆபத்து, ரத்த அழுத்தம் எகிறும்.

இதே குறைபாடு உள்ளவர்களிடம் நடந்த அமெரிக்காவின் ‘எக்ஸர்ட்’ ஆய்விலோ, வேக நடை போல இதயத் துடிப்பைக் கூட்டும் ஏரோபிக் பயிற்சிக்கும் உடலை நீட்டி மடக்கும் நீட்சிப் பயிற்சிக்கும் 12 மாத முடிவில் அறிவாற்றலில் வேறுபாடு இல்லை. எனவே முதியோர் பூங்காக்களில் நடைபாதையோடு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் எடைப் பயிற்சிக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.