சிறைக்கு முன் சிகிச்சை

ஆசிரியருக்கு,

கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கினால் கள்ளச் சந்தை ஒழியுமாம். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவை அரசே சில்லறையில் விற்கிறது. ஆனாலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். வருமானத்தில் ருசி கண்ட அரசுக்குக் கடையை மூடவும் மனம் வராது. கஞ்சா விற்பனைக்கு அனுமதியே கூடாது.

ஆனால் போதைக்கு அடிமையானவனைச் சிறையில் தள்ளுவது கொடுமை. போர்ச்சுகல் 2001-இலேயே சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நமது 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், சிறிதளவுடன் சிக்கிய போதை அடிமை தானாகச் சிகிச்சைக்கு முன்வந்து அதை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மகனின் புத்தகப் பையில் பொட்டலத்தைக் கண்ட தாய், போலீசுக்குப் பயந்து மருத்துவரிடமும் போவதில்லை. அந்தப் பிரிவை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பள்ளியிலும் எழுதிவையுங்கள்; அரசு மருத்துவமனைகளில் மறுவாழ்வுப் பிரிவுகளைப் பெருக்குங்கள்.

- ஒரு வாசகி, மதுரை