சுண்டெலிக்குச் சரியானால் பேரனுக்கும் சரியாகுமா?

அன்புள்ள கலா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த செய்தித்தாள் துண்டும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். காலடிப்பேட்டைக்கு வீடு மாறியாச்சு. மாடிக்குப் போனால் கடல், கீழே வந்தால் கன்டெய்னர் லாரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'எலிகளுக்கு ஆட்டிசம் குணமானது' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, பேரனுக்கு மாத்திரை எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாய். ஆய்வகத்து விலங்குக்கூடத்திலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன்டி, சுண்டெலிக்கு ஆட்டிசம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுப்பதில்லை. மூன்று அறைப் பெட்டியின் நடுவே அதை விடுவோம். ஒரு பக்கம் கம்பிக் கூண்டுக்குள் வேறொரு எலி, மறுபக்கம் வெறும் கூண்டு. சாதாரண எலி புது எலியிடம்தான் அதிக நேரம் நிற்கும். ஆட்டிசம் ஆய்வுக்கு வைத்திருக்கும் பி.டி.பி.ஆர். வகை எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அதைத்தான் 'பழகும் தன்மை குறைவு' என்று நோட்டில் எழுதுவோம்.

அப்புறம் அது உடம்பைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கணுமே! முன்னங்கால்களை நக்கும், மூக்கைத் துடைக்கும், காதுக்குப் பின்னால் இழுக்கும், விலா, வயிறு, கடைசியில் வால். முடிந்ததும் மறுபடி மூக்கு. எதிரே ஸ்டாப்வாட்சோடு நான். ஷாங்க்3 மரபணு பழுதான எலிகள் தோல் புண்ணாகும்வரை இப்படித் துடைத்தன என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. 2016-இல் வளர்ந்த எலிகளில் அந்த மரபணுவை மறுபடி இயங்கவைத்தார்கள். துடைப்பது குறைந்தது, மற்ற எலிகளோடு பழகின. பயமும் உடல் தடுமாற்றமும் போகவில்லை.

மூளைக்குள் எந்த இணைப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்க்க இந்த எலிகள் வேண்டும்தான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஷாங்க்3 கோளாறு ஆட்டிசம் உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு உள்ள எலிகளிடம் நம்பிக்கை தந்த மருந்து வகையில் வந்த மாவோகுளூரான்ட், மனிதர்களிடம் பலிக்காததால் அந்த நோய்க்கான முயற்சி 2014-இல் கைவிடப்பட்டது.

என் தங்கை மகனைத் தெரியுமே. மெட்ரோவில் ஏறினால் ஒலிபெருக்கியை முந்திக்கொண்டு 'சுங்கச்சாவடி, புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை' என்று அதே குரலில் சொல்லிவிடுவான். இதை எந்தப் பெட்டியில் வைத்து அளப்பது? தாயைப் பிரிந்த குட்டி எலி நம் காதுக்கு எட்டாத ஒலியில் கீச்சிடும். அதைப் பதிவு செய்து பேச்சுக்கு ஈடாகக் கணக்கு வைக்கிறார்கள். எனக்கென்னவோ அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடாதே. மாப்பிள்ளை விசாரித்த ஸ்டெம்செல் ஊசிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். மரபணுப் பரிசோதனை எடுத்திருந்தால் ரிப்போர்ட்டை போட்டோ பிடித்து அனுப்பு. தங்கை மகனுக்குப் பயிற்சி தரும் அம்மா தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறார். மே மாதம் நீங்கள் வருவதாக இருந்தால் இப்போதே நேரம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா