அந்த ‘இலகுவான பட்டம்’ குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் கல்வி மலரில், வணிகத் தொழில்நுட்ப நிர்வாகப் பட்டப்படிப்பைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. அதில் ஒரு வாக்கியம்: “கணக்கும் கணினியும் அவ்வளவாக வராத மாணவர்கள் தயங்காமல் எடுக்கக்கூடிய இலகுவான பட்டம்.” எழுதியவர் பெயர் இல்லை. போட்டுக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையின் பொருள் திட்டமிடல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்பவன் நான். இந்தப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் தொழில்பயிற்சிக்கு வந்தால் முதலில் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கணக்கு வராதாம். முதலாண்டிலேயே கணக்கியல், நுண்பொருளியல், வணிகக் கணிதம், புள்ளியியல். இரண்டாமாண்டில் அடக்கவிலைக் கணக்கும் செயல்பாட்டு நிர்வாகமும். கணினி வராதாம். பைத்தானிலோ வேறொரு மொழியிலோ நிரல் எழுத ஒரு பாடம், தரவுத்தளமும் அதிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல் மொழியும் ஒரு பாடம், சிஸ்டம் அனாலிசிஸ் ஒரு பாடம், பிறகு இஆர்பி, அதாவது கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் நிறுவன மென்பொருள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயரும் வரிசையும் மாறும், சரக்கு இதுதான். இதில் எந்த இடத்தில் ‘இலகு’ ஒளிந்திருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் விரல் வைத்துக் காட்டட்டும்.

இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. ஆக 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். விரிவுரை வாரத்துக்கு 3 மணி நேரம், 14 வாரம் என்று வைத்தாலும் 42 மணி நேரம்தான் ஆகிறது. மிச்சமுள்ள 78 மணி நேரத்தை ஒப்படைப்பு, குழுவேலை, சொந்தப் படிப்பு என்று மாணவர்தான் ஈடுகட்ட வேண்டும். ‘இலகு’ என்று நம்பி வந்த பிள்ளை இந்த 78-ஐத்தான் கைவிடுகிறது. முதலாண்டில் மனப்பாடம் காப்பாற்றிவிடும். இரண்டாமாண்டில் தரவுத்தளமும் அடக்கவிலையும் ஒரே பருவத்தில் வந்து நிற்கும்போது காப்பாற்ற ஆளில்லை.

கணக்கையும் கணினியையும் ஏன் ஒன்றாகப் படிக்கவைக்கிறார்கள் தெரியுமா? எங்கள் பட்டறையிலிருந்தே சொல்கிறேன். சர்க்கியூட் போர்டில் ஒட்டும் சிறு ரெசிஸ்டர்கள் ரீலில் சுற்றி வரும். 0603 அளவென்றால் பொதுவாக ஒரு ரீலுக்கு 5,000. பத்து ரீல் வந்தால் கையிருப்பு 50,000 ஆக வேண்டும். கணினியில் உள்ள பொருளின் மூலப்பதிவில் ‘1 ரீல் = 5,000’ என்ற மாற்று விகிதத்தை யாரோ போடாமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கைப் பெற்றவர் 10 என்று தட்டுவார், கணினியும் 10 ரெசிஸ்டர் என்றே நம்பும். உற்பத்திக்கு 50,000 தேவை என்றால், எவ்வளவு வாங்குவது என்று கணக்கிட அன்றிரவு ஓடும் தேவைத் திட்டம், “49,990 குறைகிறது, உடனே வாங்கு” என்று சொல்லும். கிடங்கில் சரக்கு கிடக்கும்போதே மறுபடி ஆர்டர் போகும். விற்றவர் 50,000-க்கு விலைப்பட்டியல் அனுப்புவார். ஆர்டர், பெற்ற அளவு, விலைப்பட்டியல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தில் எண் பொருந்தாது, பணம் நின்றுவிடும். பணம் வராத விற்பனையாளர் அடுத்த லாட்டை நிறுத்துவார். கடைசியில் உற்பத்தி வரிசை நிற்கும். கணினி மட்டும் படித்தவருக்கு மென்பொருளில் கோளாறு தெரியாது, ஏனென்றால் மென்பொருளில் கோளாறே இல்லை. கணக்கு மட்டும் படித்தவருக்குப் பணம் ஏன் நின்றது என்று தெரியும், எந்தத் திரையில் எந்தக் கட்டத்தைத் திருத்துவது என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் இந்தப் பட்டம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று உங்கள் கட்டுரை கிண்டலடித்ததே, அந்த நிலைக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் ஐயா.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்ற கணக்கும் அப்படித்தான். ஆண்டுத் தேவை 10,000, ஓர் ஆர்டர் போட ஆகும் செலவு 50 வெள்ளி (ரிங்கிட்), ஒரு பொருளை ஓராண்டு கிடங்கில் வைத்திருக்க 4 வெள்ளி. 2, தேவை, ஆர்டர் செலவு மூன்றையும் பெருக்கி, வைப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 500 வரும். பள்ளியின் படிவம் 5 கணிதம் போதும். ஆனால் அந்த 4 வெள்ளி எங்கிருந்து வந்தது, அதில் கிடங்கு வாடகை சேர்ந்ததா, முடங்கிய பணத்தின் வட்டி சேர்ந்ததா என்று கேட்கத் தெரிய வேண்டும். பரீட்சையில் அந்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். வேலையில் அதைத் தேடி எடுப்பதே பாதி வேலை.

மின் விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, மலேசியாவில் இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரின் வரி அடையாள எண் முதற்கொண்டு குறிப்பிட்ட விவரங்கள் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் என்ற கணினிக் கோப்பு வடிவில் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்பட வேண்டும். சரிபார்த்தபின் ரத்துச் செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். அதைத் தாண்டினால் கிரெடிட் நோட்டு, அதாவது தொகையைக் கழித்துக் காட்டும் ஆவணம், போட்டுத்தான் சரிக்கட்ட முடியும். இது கணக்கா, கணினியா? உங்கள் பத்திரிகை அலுவலகத்திலும் யாரோ ஒருவர் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ‘இலகுதானே?’ என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வாக்கியம் அச்சேறியிருக்காது.

எழுத உட்கார்ந்தபின் பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். படிவம் 5 அரசுத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வரும்போதெல்லாம் உங்கள் முதல் பக்கத்தில் படம் போட்டு, “டாக்டராவேன்” என்று ஒரே வரியை எல்லாப் பிள்ளைகள் வாயிலும் வைக்கிறீர்கள். பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வணிக வலயம் வந்தது. இன்டெல் வந்ததும் அதே ஆண்டில்தான். அரை நூற்றாண்டு தாண்டியும் உங்கள் பக்கங்களில் அது ‘கம்பெனி வேலை’தான். பிளானர், பையர், பிசினஸ் அனலிஸ்ட், இஆர்பி கன்சல்டன்ட் என்ற சொற்கள் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வருகின்றன, செய்தியில் வருவதில்லை. அப்படியொரு பிழைப்பு இருப்பது பெற்றோருக்கு எப்படித் தெரியும்? கோயில் மண்டபத்துக் கல்விக் கருத்தரங்கில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜென்டு சொல்லித்தான் தெரிகிறது. அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அவர் ‘இலகு’ என்றால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது.

இன்னொன்று. கட்டுரை முழுக்கத் தனியார் கல்லூரிகளே. யூடிஎம், யூடிஎச்எம், யூடெம் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப நிர்வாகம் தனிப் பட்டமாகவே இருக்கிறது என்பதற்கு ஒரு வரி இல்லை. பினாங்குப் பிள்ளைக்கு உள்ளூர் யூஎஸ்எம் பல்கலைக்கழகம் தெரியும், இந்த மூன்றும் இருக்கும் ஜொகூரும் மலாக்காவும் யார் சொல்லித் தெரியும்? அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியு மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் போகிறது, அந்தப் பத்தில் கோட்டைவிட்டு இடத்தை இழப்பவர்கள் உண்டு என்பதற்கும் இடமில்லை. கட்டுரைக்குக் கீழேயே, அதில் வந்த ஒரு தனியார் கல்லூரியின் கால்பக்க விளம்பரம் இருந்தது. தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த விளம்பரத்தைப் பற்றித்தான் என் கோரிக்கை. அடியில் எறும்பு எழுத்தில் ஓர் அனுமதி எண் போட்டிருக்கிறார்கள், அதிலும் பாதி மடிப்பில் போய்விட்டது. பிள்ளைக்கு வேண்டிய சேதி முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது. முதலெழுத்து ‘என்’ என்றால் புதிய அனுமதி, ‘ஆர்’ என்றால் புதுப்பித்தது. அடுத்த எண் துறை: பழைய குறியீட்டில் 345 நிர்வாகம், 481 கணினி அறிவியல், புதியதில் நான்கு இலக்கம், நிர்வாகத்துக்கு 0413. அதற்கடுத்த 6 இளங்கலை. பட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான எம்கியூஏ-வின் பெயருக்குப் பின்னால் ‘பிஏ’ என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், ‘எஃப்ஏ’ என்றால் முழு அங்கீகாரம். கடைசியில் உள்ள மாதமும் ஆண்டும் அனுமதி முடியும் காலம். ‘வணிகத் தொழில்நுட்பம்’ என்று ஒரே பெயரில் விற்கும் இரண்டு பட்டங்களில் ஒன்று நிர்வாகத் துறையிலும் மற்றது கணினித் துறையிலும் இருக்கலாம். நுழைவுத் தகுதி அதற்கேற்ப மாறும், பாடமும் மாறும். பெயரைப் பார்த்துச் சேர்ந்தவருக்கு இது இரண்டாமாண்டில்தான் உறைக்கிறது.

எனவே, திருத்தமோ வருத்தமோ போடச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. இனிமேல் வரும் கல்லூரி விளம்பரங்களில் அந்த ஒரு வரியை மட்டும் கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில், மடிப்புக்கு மேலே அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் பட்டமளிப்புத் தொப்பியோடு சிரிக்கும் அந்தப் பெண்ணின் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஜெலுத்தோங், பினாங்கு