ஐரிஷ் முன்னோர்: சான்றிதழோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் குடியேறிய ஐரிஷ் முன்னோரைத் தேடுவது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் அகப்பட்டால் சொந்த ஊரும் தெரிந்துவிடும் என்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் பிறந்தவருக்கு நேரே 'ஐ' (I) என்ற ஓர் ஆங்கில எழுத்துதான் இருக்கும். 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851 முதல் உறவுமுறையும் பிறந்த ஊரும் வந்தன. ஆனால் ஐரிஷ்காரர்களுக்கு நாட்டின் பெயர் மட்டும் போதும் என்பதே விதி. விதியை மீறி மேயோ, ஸ்லைகோ என்று மாவட்டத்தையும் எழுதிவைத்த கணக்கெடுப்பாளர்கள் உண்டு. அதனால் ஒரு குடும்பத்தை ஒரே ஆண்டில் பார்த்து விட்டுவிடாமல், கிடைக்கிற எல்லாக் கணக்கெடுப்பிலும் தேட வேண்டும். பிள்ளைகள் பிறந்த இடத்தையும் கவனியுங்கள். மூத்தவன் அயர்லாந்து, அடுத்தவள் லிவர்பூல் என்றிருந்தால், அவர்கள் கடல் கடந்தது அந்த இரண்டு பிறப்புகளுக்கும் நடுவில். திருமணம் அயர்லாந்திலேயே நடந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

மூத்த பிள்ளையே இங்கிலாந்தில் பிறந்திருந்தால் திருமணத்தை இங்கே தேடலாம். 1912க்கு முந்தைய திருமண அட்டவணையில் (அரசுப் பதிவுகளின் பெயர்ப் பட்டியலில்) துணையின் குடும்பப்பெயர் இராது. ஆகவே பிள்ளையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் அரசின் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணை, 1837 ஜூலை முதலான பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் தருகிறது. அதை எடுத்துக்கொண்டு அந்தப் பதிவு அட்டவணைகளை இலவசமாகத் தேடித்தரும் ஃப்ரீ பிஎம்டி தளத்தில் கணவன், மனைவி இருவர் பெயரையும் தனித்தனியே தேடுங்கள். காலாண்டு, பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண் நான்கும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இருக்கும் என்பதால் திருமணச் சான்றிதழ் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்னதைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதினார். ஓ'சல்லிவன் வெறும் சல்லிவன் ஆனார். ஒரே பெண் ஓரிடத்தில் ஹொனோரா, இன்னோரிடத்தில் நோரா, வேறோரிடத்தில் ஹன்னா. பிரிஜெட் டீலியாவாக நிற்பார்.

சான்றிதழ் கையில் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவதுதான் பெரிய இழப்பு. அதில் தந்தையின் பெயரும் தொழிலும் உண்டு. பிறந்த ஊர் இல்லை. தாயின் பெயர் 2021 வரை இங்கிலாந்துத் திருமணப் பதிவில் இடம்பெறவே இல்லை. வயதுக்குப் பதில் 'முழு வயது' என்றிருந்தால் 21 நிரம்பியவர் என்று மட்டுமே பொருள். ஆனால் கத்தோலிக்கக் கோவிலில் நடந்த திருமணத்துக்கு இரண்டு பதிவுகள் உண்டு. அரசுப் பதிவாளர் எழுதியது ஒன்று, பங்குத்தந்தை தம் ஏட்டில் எழுதியது மற்றொன்று. அந்த இரண்டாவது ஏட்டில்தான் சில பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரங்களில்) தாயின் பெயரும், பெற்றோர் வாழ்ந்த அயர்லாந்து ஊரும் இருக்கின்றன. சாட்சிகளின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியாகவோ ஊர்க்காரராகவோ இருக்கலாம். ஏடு பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஜேக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். 'ஃபீலியுஸ் பத்ரீசியீ' என்பது பேட்ரிக்கின் மகன். 'பத்ரீசியீ' வேறொரு பெயர் அல்ல, பேட்ரிக்கின் லத்தீன் பெயர் வேற்றுமை உருபு ஏறிய வடிவம். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் குடும்பமானால் லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தில் பல கோவில் ஏடுகளின் படியெடுப்பை இலவசமாகப் பார்க்கலாம். கத்தோலிக்க ஏட்டில் இல்லையென்றால் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோவில் ஏட்டையும் பாருங்கள். 1754 முதல் 1837 வரை கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் கோவிலில்தான் சட்டப்படி மணக்க முடிந்தது.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததால் எல்லாம் போய்விட்டது என்ற கட்டுரையின் கடைசி வரியும் தவறு. கத்தோலிக்க ஏடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையிலானவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. ஆனால் நூலகத்தின் தளத்தில் பெயரைத் தட்டித் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பங்குத்தந்தையின் ஏட்டில் வருகிற அந்த ஊர்ப் பெயர் தேவைப்படுவது இதற்காகத்தான்.

ஒரு வாசகர்,
மான்செஸ்டர்